டெபியன் கோப்புகளை ஹாஷ் பார்த்துக் கழிப்பது எப்படி?

வட்டுத்தேடி:
யாரோ உள்ளே நுழைந்திருக்கலாம் என்று சந்தேகப்படும் ஒரு டெபியன் (லினக்ஸ் வகை) சர்வரின் வட்டு நகல் கையில் இருக்கிறது. லட்சக்கணக்கான கோப்புகள். டெபியனின் மென்பொருள் பேக்கேஜோடு வந்தவற்றை ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறி) பார்த்து ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் அலச வேண்டும். அந்த வட்டிலேயே இருக்கும் எம்டி5 (ஒரு ஹாஷ் முறை) பட்டியலை நம்பலாமா?

செல்வா_லினக்ஸ்:
நம்பவே நம்பாதீர்கள். ரூட் (முழு நிர்வாக) அனுமதி கிடைத்தவன் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்நுழையும்) நிரலை மாற்றினால், பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி வைத்திருக்கும் பட்டியலில் அந்த ஒரு வரியையும் மாற்றிவிட்டுப் போவான், அப்புறம் அந்தப் பட்டியலோடு கோப்புகளை ஒப்பிடும் டெப்சம்ஸ் கருவியை ஓட்டினால் எல்லாம் சரி என்றுதான் வரும். பேக்கேஜ் பெயரையும் பதிப்பு எண்ணையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அதே பதிப்பை பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் டெபியனின் ஸ்நாப்ஷாட் காப்பகத்திலிருந்து இறக்கி, வேறொரு கணினியில் பிரித்து, ஷா-256 ஹாஷ் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் உறுதியான வழி இதுதான்.

கோப்புக்காரி:
தெரிந்த கோப்புகளின் ஹாஷ் அடங்கிய பொதுப் பட்டியல்களும் உண்டு. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிடும் என்எஸ்ஆர்எல், லக்சம்பர்க்கின் கணினிப் பாதுகாப்பு மையமான சர்க்ல் நடத்தும் ஹாஷ்லுக்அப். இரண்டாவதில் கோப்பை அனுப்ப வேண்டியதில்லை, ஹாஷைக் கொடுத்தாலே எந்தப் பேக்கேஜ் என்று பல சமயம் சொல்லிவிடும். ஆனால் பட்டியலில் இருப்பதாலேயே அது நல்ல கோப்பு ஆகிவிடாது, என்எஸ்ஆர்எல்லில் ஹேக்கிங் கருவிகளின் ஹாஷும் இருக்கிறது.

வட்டுத்தேடி:
நன்றி. பைத்தானின் பிஒய்சி (நிரலைத் தொகுத்து வைத்த) கோப்புகள் ஏராளம், எதிலுமே பொருந்தவில்லையே?

செல்வா_லினக்ஸ்:
அவை பெரும்பாலும் பேக்கேஜுக்குள் வருவதில்லை, நிறுவும்போது அந்தக் கணினியிலேயே உருவாகின்றன. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடாதீர்கள், ஒளித்துவைக்க வசதியான இடம் அது. அதே பதிப்புகளைத் தனியாக நிறுவி, அங்கே உருவாகும் கோப்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.