மறு: தொட்டுணர் கணிமையா, பருவுருக் கணிமையா?

அனைவருக்கும் வணக்கம்.

கணினிக்குள் இருக்கும் தரவைத் திரைக்கு வெளியே நிஜப் பொருளாகக் காட்டும் 'tangible computing' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்ட இந்த இழையில் இதுவரை இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. 'இயற்பியல் கணிமை'யை முதலிலேயே விட்டுவிடலாம். படிப்பவர்கள் அதை இயற்பியல் கணக்குகளைக் கணினியில் போடுவது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

'தொட்டுணர் கணிமை' காதுக்கு இனிமை. 'தொடுதிரை' ஏற்கெனவே புழங்குவதால் எளிதில் ஒட்டிக்கொள்ளும் என்று இழையில் ஓர் ஐயா சொன்னதும் சரி. என் தயக்கமே அந்தத் 'தொடு'வில்தான்.

1995-ல் ஜெராக்ஸ் பார்க் (Xerox PARC) கணினி ஆய்வகத்தில் நட்டாலி ஜெரமிஜென்கோ என்ற கலைஞர் செய்ததைப் பாருங்கள். கூரையில் ஒரு சிறு மோட்டார், அதிலிருந்து தொங்கும் எட்டடிப் பிளாஸ்டிக் கயிறு. மோட்டாரை, கணினிகளை வலையாக இணைக்கும் ஈதர்நெட் வடத்தோடு இணைத்துவிட்டார். வலையில் தரவு கொஞ்சமாக ஓடினால் கயிறு எப்போதாவது துடிக்கும். நெரிசல் கூடினால் சுழன்று இரையும். அதை யாரும் தொட வேண்டியதே இல்லை. டேனியல் ரோசின் 1999-ல் செய்த மரக் கண்ணாடியும் அப்படித்தான். 830 மரத்துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மோட்டார். எதிரே நிற்பவரைக் கேமரா பார்க்க, துண்டுகள் சடசடவெனச் சாய்கின்றன. ஒளியை நோக்கிய துண்டு வெளிறும், கீழே சாய்ந்தது இருளும். மரத்திலேயே நம் உருவம் தெரியும்.

கை படும் படைப்புகளும் உண்டு. டரெல் பிஷப் 1992-ல் வடிவமைத்த தொலைபேசிப் பதிவுக் கருவியில், நாம் இல்லாதபோது அழைத்தவர் விட்டுச்செல்லும் செய்தி வந்தால் ஒரு கோலிக்குண்டு உருண்டு வந்து நிற்கும். எடுத்துக் குழியில் போட்டால் செய்தி ஒலிக்கும். தொலைபேசியில் வைத்தால் அழைத்தவருக்கே அழைப்புப் போகும். தொடுவதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, செய்தியே கோலிக்குண்டாகிவிட்டது என்பது. எத்தனை வந்திருக்கிறது என்று எண்ணலாம், சட்டைப்பையில்கூடப் போட்டுக்கொள்ளலாம்.

'tangible' என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் தொடுகைதான், மறுக்கவில்லை. ஆனால் 1997-ல் ஹிரோஷி இஷியும் பிரிக் உல்மரும் எழுதிய, இந்தத் துறையின் முன்னோடிக் கட்டுரையே அந்தக் கயிற்றையும் கோலிக்குண்டுகளையும் சேர்த்துத்தான் பேசுகிறது. அருவமான தரவு கண்முன் பொருளாவதுதான் இரண்டுக்கும் பொது. அரு, உரு என்ற இணை நம்மிடம் எப்போதோ இருக்கிறதே!

'உருக் கணிமை' போதாதா என்றால், எழுத்துரு போலத் திரைக்குள்ளேயே நின்றுவிடும். அதனால் 'பருவுருக் கணிமை' என்கிறேன். 'பரு' என்றதும் முகப்பரு நினைவுக்கு வருமே என்று யாரேனும் கேட்கலாம். பருப்பொருள் என்று பள்ளியிலேயே படித்தவர்களுக்கு அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

இத்தகைய இடைமுகத்துக்கு (interface) 'பருவுரு இடைமுகம்', தரவைப் பொருளாக்கும் செய்கைக்கு 'பருவுருவாக்கம்'. கைப்பேசி அதிர்வைக் கையில் உணர்வது போன்றவற்றுக்குத் 'தொட்டுணர்' அப்படியே இருக்கட்டும். 'பருவுருவாக்கம்' நாக்கில் புரள்கிறதா? மாணவர்களிடம் பேசுபவர்கள் நாலைந்து முறை சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்.