டீஃபால்ட் உலாவி: ‘இயல்புநிலை’ வேண்டாம், ‘முன்னமைப்பு’ என்போம்

அன்பர்களுக்கு வணக்கம்.

நாம் எழுதும் உலாவி (பிரவுசர்) ஒப்பீட்டுக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் டீஃபால்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கான தமிழ் மட்டும் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. நாம் மாற்றாதவரை தானாக ஓடுவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இயல்புநிலை, இயல்பிருப்பு, முன்னிருப்பு, மாற்றாநிலை என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. ‘இயல்புநிலைதான் எல்லார் ஃபோனிலும் இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போவோம்’ என்று இருவர் எழுதியிருந்தார்கள். புழங்கும் சொல்லைக் கலைக்காமல் விடுவது நல்ல வழக்கம்தான். ‘உலாவியா உலவியா’ என்ற சண்டையில் நானும் அதையே சொன்னேன். ஆனால் இந்தச் சொல்லுக்கு அது பொருந்தாது என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் ஏன் குரோமில் இருக்கிறார், இன்னொருவர் ஏன் சஃபாரியில் இருக்கிறார் என்பதுதான் கையேட்டின் முதல் அத்தியாயம். வேகம், பாதுகாப்பு, நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்கள்), தோற்றம் என்று நாம் காரணங்களை அடுக்கலாம். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு உண்மையான காரணம் ஒன்றுதான்: வாங்கும்போதே அது உள்ளே இருந்தது. என் அத்தை வாட்ஸ்அப்பில் வந்த ஒரு லிங்கைத் தட்டினால் ‘கூகுள் திறக்குது’ என்பார். உலாவி என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதை மாற்ற முடியும் என்பது அவருக்கு யாரும் சொல்லாத செய்தி. அவரைப் போன்றவர்களுக்காகத்தான் இந்தக் கையேடு. அப்படியிருக்க, அவர் முதலில் பார்க்கப்போகும் சொல்லே ‘இது இயல்பு’ என்று சொன்னால் எப்படி?

ஒன்றை இயல்பு என்று சொன்னால், அதை யாரும் கொண்டுவந்து வைக்கவில்லை, தானாகவே அப்படி இருக்கிறது என்று பொருள். செய்தித்தாளில் ‘வெள்ளம் வடிந்து இயல்புநிலை திரும்பியது’ என்று படிக்கிறோம். அங்கே இயல்புநிலை என்பது நல்ல நிலை, மற்றது கோளாறு. இப்போது அமைப்புகள் பக்கத்தில் ‘இயல்புநிலைக்கு மீட்டமை’ என்று ஒரு பொத்தானைப் பாருங்கள். ஃபயர்பாக்ஸுக்கு மாறிய ஒருவர் ஏதோ கெட்டுப்போன நிலையில் இருப்பது போலவும், நிறுவனம் வைத்துக் கொடுத்த இடத்துக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது போலவும் அது தொனிக்கிறது.

உலாவிகளின் கதையைத் திரும்பிப் பார்த்தால் அங்கே இயல்பு என்று எதுவும் இல்லை. 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் நேவிகேட்டர்தான் முன்னணியில் இருந்தது. மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விண்டோஸோடு சேர்த்தே கொடுத்தது. நெட்ஸ்கேப்பைத் தேடிப் பதிவிறக்க வேண்டும், அன்றைய டயல்அப் இணைப்பில் அது பெரிய வேலை. எக்ஸ்ப்ளோரரோ திரையில் ஏற்கெனவே இருந்தது. 1998 மே மாதம் அமெரிக்க நீதித்துறை மைக்ரோசாஃப்ட்மீது வழக்குத் தொடுத்தபோது இந்தச் சேர்த்துக் கொடுத்தல்தான் மையக் குற்றச்சாட்டு. வழக்கு நடந்து முடிவதற்குள் களமே மாறிவிட்டது. 2000களின் தொடக்கத்தில் இணையம் பார்ப்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் எக்ஸ்ப்ளோரரில்தான் இருந்தார்கள்.

இதில் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு, கையேட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டும். ஒருங்குறி (யூனிகோட்) பரவாத அந்த நாட்களில் தமிழ்ச் செய்தித்தளங்கள் பலவும் ஆளுக்கொரு குறிமுறை வைத்திருந்தன. எழுத்துருவைத் தளமே அனுப்பிவிடும் ‘டைனமிக் ஃபான்ட்’ வசதியைப் பல தளங்கள் எக்ஸ்ப்ளோரருக்கு மட்டுமே செய்து வைத்திருந்தன. அதே பக்கத்தை ஃபயர்பாக்ஸில் திறந்தால் தமிழுக்குப் பதிலாக ரோமன் எழுத்தும் குறிகளும் கலந்த குப்பைதான் வரும். பத்மா என்ற ஃபயர்பாக்ஸ் நீட்சி அப்படிப்பட்ட எழுத்துருப் பக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டியது. அதைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்களுக்குத் தமிழ் படிக்க வேண்டுமென்றால் எக்ஸ்ப்ளோரர்தான். ‘எக்ஸ்ப்ளோரரில்தான் தமிழ் நன்றாக வரும்’ என்ற நம்பிக்கை, தளங்கள் ஒருங்குறிக்கு மாறிய பிறகும் பல அலுவலகங்களில் நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது. அது அந்த உலாவியின் இயல்பான சிறப்பா? இல்லை. விண்டோஸோடு அது வந்தது, அதனால் தளம் செய்பவர்கள் அதை மட்டும் பார்த்துச் செய்தார்கள், அதனால் மக்கள் அதிலேயே இருந்தார்கள்.

ஐரோப்பாவில் இந்தச் சங்கிலியை அறுக்கப் பார்த்தார்கள். 2010 மார்ச் முதல் விண்டோஸ் பயனர்களுக்கு உலாவித் தேர்வுத் திரையை மைக்ரோசாஃப்ட் காட்டியாக வேண்டியிருந்தது. விண்டோஸ் 7இன் ஒரு பதிப்பில் அந்தத் திரை ஒரு வருடத்துக்கு மேல் வராமல் போனதற்கு 2013இல் 56.1 கோடி யூரோ அபராதம் விதித்தார்கள். ஐஃபோனை எடுத்துக்கொண்டால், அது வந்தது 2007இல். தட்டும் இணைப்புகள் சஃபாரியில் அல்லாமல் வேறோர் உலாவியில் திறக்கும்படி வைக்க, 2020இல் ஐஓஎஸ் 14 வரும்வரை வழியே இல்லை.

இன்னொரு காட்சியும் இருக்கிறது. 2021இல் விண்டோஸ் 11 வெளிவந்தபோது மைக்ரோசாஃப்டின் எட்ஜ் உலாவியிலிருந்து வேறொன்றுக்கு மாற ஒரே ஒரு பொத்தான் கிடையாது. அமைப்புகளுக்குள் போய், ஆப்ஸ் பகுதியைத் திறந்து, வேண்டிய உலாவியைத் தேடிப் பிடித்தால், எச்டிஎம், எச்டிஎம்எல், எஸ்விஜி, எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் என்று கோப்பு வகைகளும் இணைப்பு வகைகளும் கொண்ட ஒரு நீளப் பட்டியல் விரியும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எட்ஜை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். எதிர்ப்புக்குப் பிறகு 2022இல்தான் ஒரே சொடுக்கில் மாற்றும் பொத்தான் வந்தது. இந்தத் திரையைத் தமிழில் விளக்கும்போது ‘இயல்புநிலையை மாற்றுதல்’ என்று தலைப்பு வைத்தால், யாரோ முனைந்து கட்டிய ஒரு சுவரை மலை என்று சொன்னதாகிவிடும்.

பணக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். சஃபாரியில் கூகுளே தேடுபொறியாக இருப்பதற்காக 2022இல் மட்டும் ஆப்பிளுக்குக் கூகுள் சுமார் 2,000 கோடி டாலர் கொடுத்தது. கூகுள்மீது அமெரிக்க அரசு தொடுத்த தேடல் வழக்கில் வெளியே வந்த தொகை அது. ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதியும் இதே போன்ற ஒப்பந்தத்திலிருந்துதான் வருகிறது. யாரும் போய் மாற்ற மாட்டார்கள் என்ற கணக்கில்தான் இவ்வளவு பணம் கைமாறுகிறது. அந்தக் கணக்கு எப்போதும் பலிப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2014 இறுதியில் ஃபயர்பாக்ஸ் அமெரிக்காவில் யாகூவைத் தேடுபொறியாக வைத்தது. பிடிக்காத பலர் தாங்களே கூகுளுக்கு மாற்றிக்கொண்டார்கள். 2017இல் ஃபயர்பாக்ஸும் கூகுளுக்கே திரும்பியது.

இதெல்லாம் எந்த உலாவி என்ற கேள்வி. உலாவிக்குள் போனால் இந்தச் சொல்லின் வேலை இன்னும் பெரிது. நாம் ஒப்பிடப்போகும் உலாவிகளில் குரோம், எட்ஜ், பிரேவ், விவால்டி, ஓப்பரா எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது குரோமியம் என்ற ஒரே திறமூல அடித்தளம். ஓப்பரா பக்கத்தை வரையும் தன் சொந்தப் பொறியை (எஞ்சினை) விட்டுவிட்டு 2013இல் இதற்கு வந்தது, எட்ஜ் 2020இல் வந்தது. பக்கத்தைத் திரையில் வரையும் வேலையில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் வராது. பின்னே எதில் வேறுபடுகின்றன? எதைத் திறந்து வைத்துக் கொடுக்கின்றன, எதை மூடி வைத்துக் கொடுக்கின்றன என்பதில்தான் பெரும்பகுதி. பிரேவில் விளம்பரத் தடுப்பு முதல் நாளே ஓடிக்கொண்டிருக்கும். குரோமியத்துக்கு வெளியே இருப்பவற்றில், ஃபயர்பாக்ஸ் 2019 செப்டம்பரில் நம்மைப் பின்தொடரும் குக்கிகளை (தளங்கள் நம் உலாவியில் சேமிக்கும் சிறு குறிப்புகளை) தடுப்பதை எல்லாருக்கும் இயக்கிவிட்டது. சஃபாரி 2020 மார்ச்சில் பிற தளக் குக்கிகளை, அதாவது நாம் பார்க்கும் தளம் அல்லாத வேறு தளங்கள் வைக்கும் குக்கிகளை, முழுவதுமாகவே அடைத்தது. குரோம் அவற்றை நிறுத்தப்போவதாக 2020இல் அறிவித்தது, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது, 2025இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. குரோமிலும் அமைப்புகளுக்குப் போனால் பிற தளக் குக்கிகளைத் தடுத்துக்கொள்ளலாம். வசதி இரண்டு பக்கமும் இருக்கிறது. பயனர் கைவைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதுதான் வேறு.

வேண்டுமென்றே மாறுகிறவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அவர்களிடம் காரணம் தெளிவாக இருக்கும். குரோம் தன் நீட்சிகளுக்கான விதிகளை மாற்றி, யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி அதில் ஓடாமல் போனபோது, அந்த ஒரு நீட்சிக்காகவே ஃபயர்பாக்ஸுக்குப் போனவர்கள் உண்டு. கீற்றுகளை (டேப்களை) அடுக்கடுக்காகக் குவித்து வைத்து வேலை செய்கிறவர்கள் விவால்டியை விட மாட்டார்கள். டேட்டா விலை எட்டாத உயரத்தில் இருந்த காலத்தில் ஓப்பரா மினியும் யூசி பிரவுசரும் நம் ஊரில் ஓடியதற்குக் காரணம், பக்கத்தைச் சுருக்கி அனுப்பியது. யூசி 2020 ஜூனில் இந்திய அரசின் தடையில் போய்விட்டது. இவர்கள் எல்லாரும் முன்பே வைக்கப்பட்டிருந்த ஒன்றைத் தள்ளிவிட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுத்தவர்கள். அந்தச் செயலை நம் சொல் காட்ட வேண்டும்.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

மாற்றாநிலை எனக்கு முதலில் மிகவும் பிடித்தது. பயனர் மாற்றாவிட்டால் நிற்பது என்ற பொருளை அது நேராகச் சொல்கிறது. ஆனால் நம் கையேட்டில் ‘மாற்று உலாவி’ என்ற தொடர் பக்கத்துக்குப் பக்கம் வரப்போகிறது. மாற்று உலாவி ஒரு பக்கம், மாற்றா உலாவி ஒரு பக்கம் என்றால் வாசிக்கிறவர் கடைசி எழுத்தைக் கவனிக்காமல் நேரெதிராகப் புரிந்துகொள்வார். வாய்விட்டுச் சொன்னால் குழப்பம் இன்னும் கூடும்.

முன்னிருப்பு இயல்புநிலையைவிட எவ்வளவோ மேல். திறமூல மொழிபெயர்ப்புகளில் அதை ஆண்டுக்கணக்காகப் பயன்படுத்தியிருக்கிறோம். குறை என்னவென்றால், இருப்பது தன்வினை. முன்பே இருந்தது என்று சொல்கிறதே தவிர, ஒருவர் வைத்தார் என்பது அதில் இல்லை. கணக்கு எழுதுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், முன்னிருப்பு என்றதும் போன மாதத்துப் பாக்கித் தொகை என்பார்கள். இயல்பிருப்பில் ‘இயல்பு’, ‘இருப்பு’ இரண்டின் குறையும் சேர்ந்தே இருக்கின்றன.

நான் முன்வைப்பது: முன்னமைப்பு.

அமைந்தது என்றால் அமைவு, அமைத்தது என்றால் அமைப்பு. பிறவினைப் பெயரை எடுத்துக்கொண்டால் ‘அமைத்தவர் யார்?’ என்ற கேள்வி தானாக எழும். ஃபோனில் ‘அமைப்புகள்’ என்ற சொல் எல்லாருக்கும் பழகிவிட்டது. அதனால் முன்னமைப்பு என்று கேட்டதும், முன்பே செய்துவைத்த அமைப்பு என்று விளக்கம் இல்லாமலே பிடிபடும். டீக்கடையில் ‘ஒரு டீ’ என்றால் சர்க்கரை போட்டே வரும், வேண்டாதவர்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அந்தச் சர்க்கரை டீயின் இயல்பு இல்லை, மாஸ்டரின் முன்னமைப்பு.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். பயனரே ஃபயர்பாக்ஸைத் தேர்ந்தெடுத்து வைத்த பிறகு அதையும் முன்னமைப்பு என்று சொல்லலாமா? சொல்லலாம். ‘முன்’ என்பது ஃபோன் கைக்கு வருவதற்கு முன் என்று மட்டும் ஆகாது, இணைப்பைத் தட்டுவதற்கு முன் என்றும் ஆகும். அமைத்தவர் நிறுவனமாகவும் இருக்கலாம், நாமாகவும் இருக்கலாம். இயல்புநிலைக்கு இந்த இடம் கொஞ்சமும் ஒத்துவராது. ‘என் இயல்புநிலை உலாவியை நான் மாற்றினேன்’ என்றால் பிறகு அது என்ன இயல்பு? ‘நான் என் முன்னமைப்பை மாற்றினேன்’ என்பதில் எந்த இடறலும் இல்லை.

கேமராவிலும் பாட்டுச் செயலிகளிலும் வரும் ப்ரீசெட்டுக்குச் சிலர் முன்னமைவு என்று எழுதுகிறார்கள். அதை ‘ஆயத்த அமைப்பு’ என்று மாற்றிக்கொண்டால் இரண்டும் மோதாது. கடன் கட்டத் தவறுவதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லால்தான் சொல்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘கடன் தவறுதல்’ ஏற்கெனவே நன்றாக நிற்கிறது, நாம் தொட வேண்டாம்.

கையேட்டில் வரக்கூடிய சில வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன்.

‘இந்த உலாவியை முன்னமைப்பாக்கு.’

‘ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பலவற்றில் குரோம்தான் முன்னமைப்பு உலாவி. சாம்சங்கில் சாம்சங் இன்டர்நெட்டும் கூடவே வரும்.’

‘ஃபயர்பாக்ஸில் பின்தொடர்தல் தடுப்பு முன்னமைப்பாகவே இயங்குகிறது. குரோமில் பிற தளக் குக்கித் தடுப்பை நீங்கள்தான் இயக்க வேண்டும்.’

‘எல்லா அமைப்புகளையும் முன்னமைப்புக்குத் திருப்பு.’

கடைசி வாக்கியத்தில் அமைப்பு இரண்டு முறை வருவது கொஞ்சம் உறுத்துகிறது. ‘எல்லாவற்றையும் முன்னமைப்புக்குத் திருப்பு’ என்று சுருக்கினால் சரியாகிவிடும். பழைய சொல்லில் பழகியவர்களுக்காக, கையேட்டில் முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ‘ஃபோனில் இதை இயல்புநிலை என்று காண்பீர்கள்’ என்று ஒரு வரி சேர்த்துவிடலாம். திரையில் பார்ப்பதும் புத்தகத்தில் படிப்பதும் ஒன்றுதான் என்று தெரிந்தால் போதும்.

மறுப்பு உள்ளவர்கள் சொல்லை மட்டும் எழுதாமல், மேலே உள்ள நான்கு வாக்கியங்களிலும் உங்கள் சொல்லைப் போட்டு எழுதி அனுப்புங்கள். குறிப்பாக மூன்றாவதில் எப்படி வருகிறது என்று பார்க்க விரும்புகிறேன்.