டிஷ்வாஷர் மாத்திரையில் என்சைம்: பெங்களூரு வீடுகளில் என்ன நடக்கிறது?

ஜெயநகர்க்காரி:
இட்லி மாவுப் பாத்திரம்தான். மாவு காலியானதும் வழித்துவிட்டு மத்தியானம் மிஷினில் போட்டேன். அமைலேஸ், புரோட்டியேஸ் என்ற இரண்டு என்சைமும் உண்டு என்று மாத்திரை அட்டையிலேயே போட்டிருக்கிறது. கதவைத் திறந்தால் உள்பக்கம் முழுக்க மாவு அப்பளம் மாதிரி காய்ந்து ஒட்டியிருக்கிறது. நகத்தால் நெம்பினால் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது, அவ்வளவுதான். அதே மாத்திரை, அதே பாத்திரம், மழை நாளில் போட்டால் பளிச்! "கரண்ட் மிச்சம் மேடம்" என்று பிளம்பர் மிஷினை மாடி சோலார் வெந்நீர் லைனில் கோத்துவிட்டுப் போனார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

ரசவாதி:
அதேதான். இந்த என்சைம்கள் 40 முதல் 60 டிகிரி வரை நன்றாக வேலை செய்யும். மிஷின் பச்சைத் தண்ணீரை எடுத்து மெல்லச் சூடாக்கும். அப்படிச் சூடு ஏறுகிற நேரத்தில்தான் அமைலேஸ் மாவுச்சத்தையும் புரோட்டியேஸ் உளுந்தின் புரதத்தையும் துண்டு துண்டாக்கும். உச்சி வெயிலில் சோலார் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தால் அந்த நேரமே கிடைக்காது. போதாக்குறைக்கு மாவு பாத்திரத்திலேயே வெந்துவிடும். மழை நாளில் வெதுவெதுப்பாக வருவதால் பிழைக்கிறது.

அல்சூர் அண்ணாச்சி:
இது என்ன புதுக் கதை? எங்கள் வீட்டில் 70 டிகிரி தவிர வேறு புரோகிராமே கிடையாது. கறிக்குழம்புச் சட்டி அதில்தான் போகிறது. என் புகார் வேறு. ஊரிலிருந்து சம்பந்தி வந்திருந்தார். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொடுத்தோம். குடிக்காமல் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அடியிலிருந்து விளிம்பு வரை வெள்ளைப் பூச்சு. ஒன்றும் சொல்லாமல் தன் பாட்டிலைத் திறந்து குடித்தார். என்சைம் மாத்திரைக்கு மாறிய பிறகுதான் இந்த அவமானம்.

ரசவாதி:
அண்ணாச்சி, உங்கள் 70 டிகிரியும் கீழே இருந்துதான் ஏறுகிறது, அதனால்தான் சட்டி சுத்தமாகிறது. டம்ளருக்கு என்சைம் மேல் பழி போடாதீர்கள். போர்வெல் தண்ணீரா? அது சுண்ணாம்பு. மிஷின் அடியில் உப்பு போடுகிற அறையைத் திறந்து பாருங்கள், அந்த உப்பு இருந்தால்தான் மிஷின் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரிக்கும்.

டேங்கர் தண்ணி:
எங்களுக்கு நடந்தது வேறு. ஈரம் பட்டு உடைந்த மாத்திரைத் தூளை, வீணாக்குவானேன் என்று வேலைக்கு வரும் அக்கா குக்கர் தேய்க்க எடுத்துக்கொண்டார். இரண்டு நாளில் விரல் நுனியெல்லாம் உரிந்துவிட்டது. கையை என் முன்னால் நீட்டி, "இதுல என்னம்மா போட்டிருக்கான்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

மல்லேஸ்வரம் ரிட்டையர்டு:
அந்தத் தூளில் காரம் (ஆல்கலி) அதிகம், கூடவே புரதத்தை வெட்டும் என்சைம். நம் தோலும் புரதம்தானே. எனக்கும் ஒருமுறை கை எரிந்தது, அதை விடுங்கள். சில விஷயங்கள் சொல்கிறேன். ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவர் 1913-இலேயே கணைய என்சைமைத் துணி துவைக்கிற தூளில் சேர்க்கக் காப்புரிமை வாங்கினார். 1960-களின் கடைசியில் சோப்புத் தூள் ஆலைகளில் என்சைம் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு மூச்சிழுப்பு வந்தது. அதன் பிறகுதான் மேற்பூச்சு போட்ட குருணையாகத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். ஆகவே மாத்திரையைப் பொடிக்காதீர்கள். ஈரக் கையால் தொடாதீர்கள். ஈரம் பட்டால் என்சைம் கெடும். குளோரின் பிளீச் கலக்காதீர்கள், என்சைம் செத்துப்போகும். அரை மணி நேரப் புரோகிராமில் காய்ந்த சோற்றுப் பருக்கை போகாது. மஞ்சள் கறை என்சைமுக்குக் கட்டுப்படாது, அது மாத்திரையில் இருக்கும் ஆக்சிஜன் பிளீச்சின் வேலை. பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போடுகிறவர்களும் உண்டு. பருக்கையை உதறினால் போதும். அலுமினிய இட்லித் தட்டை உள்ளே வைக்கவே வைக்காதீர்கள், கறுத்துவிடும்.

அல்சூர் அண்ணாச்சி:
இட்லித் தட்டு பற்றி யார் கேட்டது? உப்பு அறையைத் திறந்தேன். காலி. ஆனாலும் மாத்திரை மேல் எனக்குச் சந்தேகம் போகவில்லை.

ஜெயநகர்க்காரி:
பிளம்பரைக் கூப்பிட்டேன். பச்சைத் தண்ணீர் லைனுக்கு மாற்றித் தருவாராம். அதற்குத் தனி விசிட் சார்ஜ் கேட்கிறார்.