பொருள்: ஓடுதளம் பின்னாலேயே இருந்ததே, ஏன் திரும்பவில்லை?

உறவுகளுக்கு வணக்கம்.

சிறு விமானம் கிளம்பியதுமே எஞ்சின் நின்று விழுந்த செய்தியைப் படித்துவிட்டு அண்ணன் கேட்டிருந்தார்: "ஓடுதளம் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது, திரும்பி வந்து இறக்கியிருக்கலாமே?" எல்லோருக்கும் தோன்றுவதுதான். விமானிக்கும் அதுதான் முதலில் தோன்றும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

செஸ்னா 172 என்ற நான்கு இருக்கைச் சிறு விமானத்தை எடுத்துக்கொள்வோம். எஞ்சின் இல்லாமல் நன்றாக மிதந்து இறங்க 68 நாட் (மணிக்குச் சுமார் 126 கி.மீ.) வேகம் வேண்டும். நேராகப் பறக்கும்போது 48 நாட்டுக்குக் கீழே போனால்தான் இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும். ஆனால் உயரத்தை விடாமல் 45 பாகை சாய்த்துத் திருப்பினால் அந்த எல்லை 57-க்கு ஏறிவிடும். 60 பாகை சாய்த்தால் 68. அதாவது மிதக்கும் வேகமும் விழும் வேகமும் ஒன்றாகிவிடும்! தரை நெருங்க நெருங்க, கை தானாகவே கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னால் இழுக்கும். வேகம் குறைந்து ஒரு இறக்கை முந்திச் சரியும், விமானம் சுழன்று குத்தும். சில நூறு அடி உயரத்தில் அதிலிருந்து மீள வழியே இல்லை.

இன்னொன்று, அரைவட்டம் போதாது. திரும்பி முடிக்கும்போது ஓடுதளத்துக்குப் பக்கவாட்டில் எங்கோ இருப்போம். மறுபடி வளைந்து அதன் நேர்க்கோட்டுக்கு வர வேண்டும். எஞ்சின் நின்ற திகைப்பில் போகும் சில நொடிகள் வேறு.

அதனால்தான் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்: மூக்கைத் தாழ்த்து, வேகத்தைக் காப்பாற்று, முன்னால் கிடைக்கும் இடத்தில் இறங்கு. வயலோ வேலியோ பரவாயில்லை. விமானம் நொறுங்கினால் நொறுங்கட்டும். இறக்கைகள் மட்டமாக, மெதுவான வேகத்தில் தரையைத் தொட்டால் உள்ளே இருப்பவர்கள் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. வேகம் பாதியானால் மோதலின் ஆற்றல் கால்பங்காகிவிடும். போதிய உயரம் இருந்தால் திரும்புவது சாத்தியம்தான், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு உயரம் என்பதைக் கிளம்பும் முன்பே மனத்தில் முடிவு செய்திருக்க வேண்டும்.

ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு 2015 மார்ச்சில் அமெரிக்காவின் சான்டா மோனிகாவிலிருந்து பழைய ரையன் பயிற்சி விமானத்தில் கிளம்பியபோது எஞ்சின் சக்தி இழந்தது. திரும்பி வருவதாகத்தான் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம் சொன்னார். முடியாதென்று தெரிந்ததும் பக்கத்துக் கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். மரத்தின் உச்சியில் இடித்துத்தான் விழுந்தார். பலத்த காயம், ஆனால் உயிர் பிழைத்தார். கார்புரேட்டரில் எரிபொருளை அளந்துவிடும் சிறு துளைமுனை (ஜெட்) திருகு கழன்று தளர்ந்திருந்ததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது.

எஞ்சின் நிற்கப் பெரிய கோளாறே வேண்டியதில்லை. தொட்டியின் அடியில் தங்கிய கொஞ்சம் தண்ணீர் போதும். அதனால்தான் விமானி பறக்கும் முன் இறக்கைக்கு அடியில் குனிந்து சிறு குவளையில் எரிபொருளைப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கிறார். நீல நிறப் பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் தனிக் குமிழாக நிற்கும்.

அப்புறம், ஃபோர்டின் விமானத்தில் தோள் வார் சரியாகப் பொருத்தப்படாததால் காயம் அதிகமானது என்றும் அந்த விசாரணை அறிக்கை சொன்னது. நண்பர் யாராவது தன் விமானத்தில் கூப்பிட்டால், இடுப்பு வாரோடு நிறுத்தாமல் தோள் வாரையும் மாட்டிக்கொள்ளுங்கள். கதவை எப்படித் திறப்பது என்பதையும் ஏறும்போதே கேட்டு வையுங்கள்.