படை மருத்துவரான தாத்தாவின் தாள்களை எப்படி ஒழுங்குபடுத்துவது?

கேள்வி (கும்பகோணம்):
இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் படை மருத்துவராக இருந்த என் தாத்தாவின் தகரப் பெட்டியில் பணி ஆணைகளும், பாட்டிக்கு எழுதிய கடிதங்களும், மலேரியா பற்றிய குறிப்பேடுகளும், ஊர் திரும்பியபின் யானைக்கால் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்த பதிவுகளும் கலந்து கிடக்கின்றன. கடிதங்களைத் தனியே பிரித்துவிடலாமா?

மறுமொழி 1:
பிரிக்க வேண்டாம், ஐயா. இந்திய மருத்துவப் பணியில் இருந்த ரொனால்டு ராஸ், 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்தராபாத்தில் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அதற்கு அவர் வந்தடைந்த வழி, லண்டனில் இருந்த மருத்துவர் பேட்ரிக் மான்சனோடு நடத்திய கடிதப் போக்குவரத்தைப் படிக்கும்போதுதான் முழுமையாக விளங்குகிறது. உங்கள் தாத்தா பாட்டிக்கு எழுதிய வரிகளிலும் ஆய்வின் தேதியோ முகாமின் பெயரோ இருக்கக்கூடும். இப்போதுள்ள வரிசையிலேயே பென்சிலால் எண்ணிடுங்கள்.

மறுமொழி 2:
யானைக்கால் பதிவுகளில் இரத்தம் எடுத்த நேரம் இருக்கிறதா என்று பாருங்கள். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகளான நுண்புழுக்கள் இரவில்தான் தோலுக்கு அருகில் ஓடும் இரத்தத்தில் மிகுதியாகத் தென்படும் என்பதால், நேரம் குறிக்கப்பட்ட பதிவு மிகவும் மதிப்புடையது. நோயாளிகளின் பெயர்களை மட்டும் இணையத்தில் வெளியிடாதீர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் அதே தெருக்களில் வாழ்கிறார்கள்.

மறுமொழி 3 (தஞ்சாவூர்):
ஐப்பசி அடைமழைக்கு முன்பே துருப்பிடித்த குண்டூசிகளை நீக்கிவிடுங்கள். லேமினேஷன் செய்யவே கூடாது. பழஞ்சுவடிகளைப் பேணிவரும் சரசுவதி மகால் நூலகத்தில் நேரில் ஆலோசனை கேட்கலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. நேரம் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது; பெரும்பாலும் இரவு பத்து மணிக்கு மேல்.