"முதல்ல செட்டில் ஆகு, அப்புறம் ஊர் சுத்தலாம்": உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

மடிப்பாக்கம் மாடிவீடு

வீட்டுக்கடன் கையெழுத்துக்காக பேங்க் போயிருந்தேன். மேடவாக்கத்துல ரெண்டு பெட்ரூம், வழக்கமான கதை, அதை விடுங்க. ஆதார்ல பழைய அட்ரஸ் இருந்ததால பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். ஜெராக்ஸ் எடுக்கப் போன மேடம் அங்கேயே நின்னு பக்கம் பக்கமாப் புரட்டறாங்க. ஏதோ வில்லங்கம்னு நினைச்சு எனக்கு வேர்த்துடுச்சு. திரும்பி வந்து, "ஒரு சீல்கூட இல்லையே சார். அடுத்த வருஷம் காலாவதி வேற ஆகுது. எதுக்குத்தான் எடுத்தீங்க?"ன்னாங்க.

"அட்ரஸ் ப்ரூஃபுக்கு"ன்னேன்.

பக்கத்து சீட்டுக்காரர் வாய்விட்டுச் சிரிச்சார். மேடம் சிரிக்கல. "எங்க வீட்டுக்காரரோடதும் இப்படித்தான் இருக்கு"ன்னு சொல்லிட்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்துல பென்சில் டிக் போட்டு நீட்டினாங்க. 20 வருஷக் கடன். போட்டேன்.

வீடு வாங்கினது தப்புன்னு சொல்ல வரல. வாடகை ஏத்தறாங்களேன்னு பயப்பட வேண்டாம், அது பெரிய நிம்மதி. ஆனா வீடு முடிஞ்சா ரிஜிஸ்ட்ரேஷன், அது முடிஞ்சா மரவேலை, அதுவும் முடிஞ்சா பையன் எல்.கே.ஜி. வரிசை நீண்டுகிட்டே போகுது. அந்த மேடம் கேட்ட தொனி மட்டும் மண்டையை விட்டுப் போகல. உங்களை யாராவது இப்படிப் போற போக்குல குத்திட்டுப் போயிருந்தா எழுதுங்க. அட்வைஸ் வேணாம், ப்ளீஸ்.

பெருங்குடி நைட் ஷிஃப்ட்

என்னைப் பொண்ணு பார்க்க வந்தாங்க. ஞாயித்துக்கிழமை, கேசரி, வாழைக்கா பஜ்ஜி, சீன் எல்லாருக்கும் தெரியும். பையனோட அம்மா என் இன்ஸ்டாகிராமை அலசிட்டுத்தான் வந்திருக்காங்க. "ஊர் சுத்தறது ரொம்பப் பிடிக்குமாம்மா? ஹம்பி போட்டோ எல்லாம் பார்த்தேனே. கூட யார் யார் வந்தா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அப்பா, "அது ஆபீஸ்ல கூட்டிட்டுப் போனாங்க. டீமோட போனது"ன்னுட்டார்.

நான் போனது தனியா. சென்ட்ரல்ல பெங்களூர் வண்டி ஏத்தி விட்டதே அப்பாதான். துங்கபத்திரையில பரிசல்ல போன வீடியோவை வாட்ச்மேன் வரைக்கும் காட்டினவர். மதங்க மலை மேலேர்ந்து விடியக்காலையில போன் பண்ணப்ப "ஸ்வெட்டர் போட்டியா"ன்னு மட்டும் கேட்டவர். அந்த மனுஷன் ஒரு தட்டு பஜ்ஜிக்கு முன்னாடி கண்ணைக்கூடச் சிமிட்டாம பொய் சொல்றார். அந்தம்மா திருப்தியா, "சரி, இனிமே இவன் கூட்டிட்டுப் போவான்"ன்னாங்க. இவன் குனிஞ்சு போனை நோண்டிட்டு இருந்தான்.

மாடிவீடு அண்ணா, உங்களுக்கு செட்டில்னா வீடு. எங்களுக்குக் கல்யாணம். நீங்க இ.எம்.ஐ. முடிச்சிட்டாவது கிளம்பலாம். நாங்க கல்யாணம் வரைக்கும் அப்பாகிட்ட கேட்டதை அதுக்கப்புறம் இன்னொருத்தர்கிட்ட கேட்கணும்.

மேன்ஷன்வாசி

எல்லாரும் போகாததுக்கு ஃபீல் பண்றீங்க. போனவனோட அப்பாவை நான் பார்த்திருக்கேன்.

திருவல்லிக்கேணி மேன்ஷன். ரூம்மேட் வேலையை விட்டுட்டு, பைக்கை எடுத்துகிட்டு லடாக் கிளம்பிட்டான். முப்பதுக்குள்ள பார்த்துடணும் மச்சின்னு ஸ்டேட்டஸ் வேற. அவன் போய் கொஞ்ச நாள்ல காலங்காத்தால கதவைத் தட்டற சத்தம். வெள்ளை வேட்டி, கையில மஞ்சப்பை. அரியலூர்லேர்ந்து ராத்திரி வண்டி ஏறி, எழும்பூர்ல இறங்கி, வழி கேட்டு நடந்தே வந்திருக்கார். பையன் போனே எடுக்கலையாம்.

"தம்பி, லடாக்குன்னு சொல்றாங்களே, அது எந்தப் பக்கம்? இங்கேர்ந்து பஸ் போகுமா?"

போன்ல மேப்பைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இதுல அரியலூர் எங்கப்பா?"ன்னார். ரெண்டையும் ஒரே ஸ்கிரீன்ல கொண்டு வர மேப்பைச் சுருக்கிகிட்டே போறேன், அரியலூர் பேரே காணாமப் போயிடுச்சு. அப்புறம் பையிலேர்ந்து ஒரு காகிதம் எடுத்தார். அவன் படிப்புக் கடனுக்கு பேங்க் நோட்டீஸ். கல்விக் கடன்ல பெத்தவங்களும் கூட்டுக் கடனாளிதான், அதனால நோட்டீஸ் ஊருக்குப் போயிருக்கு. மணாலி தாண்டினா பல இடத்துல டவரே கிடையாது. டீ வாங்கிக் கொடுத்தேன். அதுக்கும் காசை நீட்டினார்.

பெருங்குடி மேடம், உங்களை அப்பா சென்ட்ரல் வரைக்கும் வந்து வண்டி ஏத்தி விட்டார்ல? அதுவே பெரிய வசதி. பஜ்ஜிக்கு முன்னாடி ஒரு பொய் சொன்னதெல்லாம் ஒரு குறையா? எங்க ஊர் பக்கம் மூத்த பிள்ளை சம்பளத்துல ரெண்டு பேர் படிக்கணும், ஒருத்தி கல்யாணம் நடக்கணும். அப்புறம்தான் லடாக்கு.

ஐ.சி.எஃப். காலனி

மேன்ஷன்வாசி, அந்த அப்பாவும் எங்க அப்பாவும் ஒரே ரகம்.

அப்பா ஐ.சி.எஃப்.ல, அதாவது பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில, ஃபர்னிஷிங் டிவிஷன். இந்தியா பூரா ஓடுற பெட்டிக்கு உள்வேலை செஞ்சவர். ரயில்வேக்காரங்களுக்கு வருஷத்துக்கு மூணு செட் பாஸ் உண்டு, தெரிஞ்சிருக்கும். டிக்கெட் இலவசம், சரி. இறங்கின ஊர்ல தங்கறது, அஞ்சு பேருக்குச் சாப்பாடு யார் தர்றது? அக்கா கல்யாணம், எங்க ஃபீஸ், பாஸ் எழுதாமலே வருஷம் முடிஞ்சுடும். "ரிட்டயர் ஆனப்புறமும் பாஸ் தருவான்டா, காசி எங்க ஓடப்போவுது"ன்னு சொல்வார்.

ரிட்டயர் ஆனார், போனோம். கேதார் காட்ல படி எப்படி இறங்கும்னு போனவங்களுக்குத் தெரியும். மேல் படியில நின்னு கீழ பார்த்தார். முட்டி ரெண்டும் தேய்ஞ்ச மனுஷன். அப்படியே உட்கார்ந்துட்டு சொம்பை என்கிட்ட நீட்டினார். "நீ மொண்டுட்டு வா, நான் இங்கேயே தலையில தெளிச்சுக்கறேன்." பக்கத்துல இருந்த படகுக்காரர் உடைஞ்ச தமிழ்ல, "அய்யா, நான் தூக்கறேன் வாங்க"ன்னார். அதுக்கு அப்பா, "வேணாம்பா, நான் கனம்."

எனக்கு இப்போ பாஸ் கிடையாது, தனியார் கம்பெனி. லீவ் கேட்டா மேனேஜர் மூஞ்சி போற போக்கைப் பார்க்கணும். அது வேற கதை.

பணி ஓய்வு

அனைவருக்கும் வணக்கம். முதலில் என் அனுபவம், சுருக்கமாக. 2014இல் ஓய்வு பெற்றேன். கைலாச மானசரோவர் என் நெடுநாள் ஆசை. மகள் திருமணம், பேரன் பிறப்பு என்று ஆறு வருடம் ஓடியது. 2020இல் கிளம்பலாம் என்றால் கொரோனா. 2024 வரை அரசு யாத்திரை நடக்கவே இல்லை. 2025இல் மீண்டும் தொடங்கினார்கள். மகன் லேப்டாப்பில் படிவத்தைத் திறந்து, பிறந்த தேதியைப் போட்டுவிட்டு, "அப்பா, எழுபதுக்கு மேல எடுக்க மாட்டேங்குதுப்பா" என்றான். மறுபடி போட்டுப் பார் என்றேன். போட்டான்.

நிற்க. இங்கே எழுதியுள்ள இளைஞர்களுக்குச் சில விஷயங்கள்.

மடிப்பாக்கம் நண்பரே, கடன் தொகை சொல்லவில்லை. 50 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை சுமார் 43,391 ரூபாய். அதில் முதல் மாதம் வட்டிக்குப் போவது மட்டும் 35,417. மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது ஒரு கோடியே நாலு லட்சம். எனவே போனஸ் வந்தால் முதல் சில வருடங்களிலேயே அசலில் கட்டுங்கள். அதன் பிறகு குடும்பத்தோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

கல்யாணம் ஆகாதவர்கள் கவனிக்க: வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டே சுற்றிப் பார்க்க இப்போது வழி இருக்கிறது. பிரிட்டனில் இந்திய இளைஞர்களுக்கென்று 2023இல் ஒரு விசா கொண்டு வந்தார்கள். 18 முதல் 30 வயது, ஒரு பட்டம், கையிருப்பில் 2,530 பவுண்ட், குலுக்கலில் பெயர் வந்தால் இரண்டு வருடம். ஆஸ்திரேலியாவும் 2024இல் அதே வயதினருக்கு வருடம் ஆயிரம் பேர் என்று தொடங்கியது, அதுவும் குலுக்கல்தான். நம்மைச் சார்ந்த குழந்தை இருந்தால் பிரிட்டன் விசாவுக்குத் தகுதி இல்லை, ஆஸ்திரேலியாவுக்குக் குழந்தையை உடன் அழைத்துச் செல்ல முடியாது. ஆக, செட்டில் ஆகிவிட்டுப் பார்க்கலாம் என்பவர்களுக்கு அந்தக் கதவு அடைத்துவிடும்.

வயதானபின் சலுகையில் போகலாம் என்றும் எண்ண வேண்டாம். ஆண்களுக்கு 60 வயதில் 40 சதவீதமும் பெண்களுக்கு 58இல் 50 சதவீதமும் கொடுத்துவந்த ரயில் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். அறநிலையத்துறையின் இலவச ராமேஸ்வரம்–காசி பயணமும் 60 முதல் 70 வயது வரைதான். ரயில் முன்பதிவு இப்போது 120 நாள் அல்ல, 60 நாள், 2024 நவம்பரிலிருந்து. எங்கு போனாலும் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக வைத்துவிட்டுப் போங்கள்.

பெருங்குடி மகளே, உன் தந்தை சொன்னது பொய் அல்ல, உலக நடைமுறை. பெரியவர்கள் எதைச் செய்தாலும் உன் நன்மைக்குத்தான்.

மடிப்பாக்கம் மாடிவீடு

சார், அட்வைஸ் வேணாம்னு முதல்லயே போட்டிருந்தேன். உங்க 35,417ஐப் படிச்சதுலேர்ந்து மனைவி என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்ல.

மானசரோவர் விஷயம் உண்மையிலேயே கஷ்டமா இருந்துச்சு சார். அதை இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

ராயபுரம் அக்கா

இருபத்தஞ்சுல போகலைன்னா அவ்ளோதானா? என்னங்கடா பேசறீங்க. நான் அம்பது தாண்டித்தான் முதல் தடவை தனியா வீட்டைவிட்டுக் கிளம்பினேன். அந்தமானுக்கு, கப்பல்ல. ராயபுரத்துல பொறந்து, காலமெல்லாம் துறைமுகத்துல ஊதற சங்கைக் கேட்டு வளர்ந்தவளுக்குக் கப்பல் ஏற இவ்ளோ வருஷம் ஆயிருக்கு, அது என் தலையெழுத்து. பங்க் கிளாஸ்தான் எடுத்தேன், இருக்கறதுலயே சல்லிசு. ரெண்டரை மூணு நாள் ஆகும், கடலைப் பொறுத்து.

எனக்கு எதிர்த்த பங்க்ல ஒரு பையன், இருபத்திமூணு இருபத்திநாலு இருக்கும். பெரிய பை, பெரிய கேமரா. கரை மறைஞ்சதுலேர்ந்து வாந்தி. கேமராவைக் கையில எடுக்கவே இல்ல. நான் எலுமிச்சங்கா ஊறுகாய் எடுத்துட்டுப் போயிருந்தேன், அதை நாக்குல வெச்சு, மோரைக் குடிக்க வெச்சு உட்கார வெச்சேன். கொஞ்சம் தெளிஞ்சதும் கேட்கறான், "ஆன்ட்டி, வீட்ல யார்கிட்ட சொல்லிட்டு வந்தீங்க?"

"நீ யார்கிட்டடா சொல்லிட்டு வந்தே?"ன்னேன்.

முழிச்சான். அவனை அந்தக் கேள்வி யாருமே கேட்டதில்ல போல. அவன் முழிச்ச முழி இருக்கே, செல்லுலார் ஜெயில்கூட எனக்கு அவ்ளோ ஞாபகம் இல்ல.

மேன்ஷன்வாசி தம்பி, பெருங்குடிப் பொண்ணோட அப்பா வண்டி ஏத்தி விட்டார், அது வசதிதான், ஒத்துக்கறேன். ஆனா அதே அப்பா நாலு பேர் முன்னாடி அதை மறைக்க வேண்டியிருக்கே, அதைத்தான் அந்தப் பொண்ணு சொல்லுது. உன் ரூம்மேட் லடாக் போனதை எந்தச் சம்பந்தி வீட்லயாவது மறைப்பாங்களா? ஃபோட்டோவை ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பாங்க.

மேன்ஷன்வாசி

அக்கா, நீங்க சொல்றது சரிதான். ஆனா ஃப்ரேம் போட ஆணி அடிக்க அந்த அப்பாவுக்குச் சொந்தச் சுவர் வேணுமே. அவரைப் பத்தி நீங்க யாரும் ஒரு வார்த்தை எழுதல, ஐ.சி.எஃப். நண்பரைத் தவிர.

வேளச்சேரி

தலைப்புக்குச் சம்பந்தம் இல்லாம கேட்கறேன், மன்னிக்கணும். ஹம்பிக்கு இங்கேர்ந்து எப்படிப் போறது? பொங்கல் லீவுக்குப் பார்க்கறேன். அப்புறம் அந்த வரன் என்ன ஆச்சு?

பெருங்குடி நைட் ஷிஃப்ட்

பெங்களூர் போயிடுங்க, அங்கேர்ந்து ராத்திரி ஹம்பி எக்ஸ்பிரஸ். ஹோஸ்பேட்டையில இறங்கினா 13 கிலோமீட்டர்தான், ஆட்டோவும் பஸ்ஸும் இருக்கு. பொங்கல் சமயம் நல்ல சீசன். ஏப்ரல், மே மட்டும் வேணாம், பாறை கொதிக்கும். விட்டலர் கோயில் கல் தேர்தான் நம்ம அம்பது ரூபாய் நோட்டுல இருக்கறது, கூட்டம் சேர்றதுக்குள்ள காலையிலயே போயிடுங்க. ரூம் இப்பவே போடுங்க, லீவுக்குச் சட்டுனு தீர்ந்துடும்.

வரன் தட்டிப்போச்சு. ஜாதகம் சரியில்லையாம், ஏற்கெனவே பத்துப் பொருத்தம் பார்த்துட்டுத்தான் வந்தாங்க.

ஓய்வு சார், அந்த பிரிட்டன் விசா எப்போ திறக்கும்னு தெரிஞ்சா சொல்லுங்க. மத்த அட்வைஸ் வேணாம். மேன்ஷன்வாசி, எங்க அப்பா தாம்பரத்துல வீட்டுக்கடன் கட்டிட்டு இருக்கறவர்தான், வசதியெல்லாம் இல்ல. என் டிக்கெட்டு என் காசு.