சாட்டிலைட் சொல்ற ஈடியும் வயல்ல அளந்ததும் ஒத்தே போகல, ராம்நாடு பக்கம் யாராவது செஞ்சு பாத்திருக்கீங்களா?

மிளகாத்தோட்டம்:
எல்லாருக்கும் வணக்கம். திருப்புல்லாணி பக்கம் எங்க மாமா நிலம் ஒன்றரை ஏக்கர், முண்டு மிளகா போட்டிருக்கு. படிப்புக்காக அதுல ஈடி பாத்துக்கிட்டு இருக்கேன், மண்ணுல இருந்து ஆவியாப் போறது, செடி இலை வழியா விடுறது ரெண்டும் சேத்து. மாசில 8 நாள் பொட்டு மழை இல்ல, அந்த 8 நாளுக்கு மோடிஸ்ங்கிற நாசா சாட்டிலைட் கருவியோட ஈடி படத்துல எங்க வயல் விழுற பிக்சல்ல, அதாவது படத்தோட ஒரு கட்டத்துல, 187ன்னு வருது. ஆவியாதல் தொட்டியில தினம் 6 மில்லிமீட்டர் இறங்குது. எப்படிக் கூட்டிக் கழிச்சாலும் சேரவே மாட்டேங்குது. கடற்கரை வறண்ட ஊருக்கு சாட்டிலைட் கணக்கு சரிப்படாதுன்னு எழுதிடலாமான்னு தோணுது, ஆனா அவசரப்பட்டு எழுதவும் மனசு வரல. எங்க தப்பு பண்றேன்னு சொல்லுங்க.

கண்மாய்க்கரை:
தம்பி, அப்படி எழுதிடாதீங்க. முதல்ல அந்த 187ஐ 0.1ஆல பெருக்கணும், அதுவும் ஒரு நாளைக்கு இல்ல, 8 நாளைக்கும் சேத்து. ஆக 18.7 மில்லிமீட்டர், நாளைக்கு 2.3. வருசக் கடைசிப் படம் மட்டும் 5 நாளோ 6 நாளோதான் வரும், அங்கயும் 8ஆல வகுத்துட்டு முழிக்கிறவங்க இருக்காங்க. அப்புறம் 32761ல இருந்து 32767 வரைக்கும் வர்ற நம்பர் ஈடியே கிடையாது, தண்ணி, ஊரு, வெறும் தரை இதுக்கெல்லாம் போட்டு வைக்கிற அடையாளம். உப்பளம், கண்மாய் பக்கம் போனா அதுதான் நிறைய வரும், தெரியாம சராசரில சேத்துட்டா எல்லாம் போச்சு.

ரெண்டாவது, தொட்டி. அதுல எப்பவும் தண்ணி நிக்குது, காத்து கேக்கக் கேக்க குடுத்துக்கிட்டே இருக்கும். 6ஐ 0.7ஆல பெருக்கினா 4.2, அது நல்லாத் தண்ணி பாய்ச்சின புல்லுக்கு உண்டான அளவு. உங்க மாமா நிலத்துல மாசி மாசம் அவ்வளவு தண்ணி எங்க இருக்கு? காத்து கேக்குறதை அளந்துட்டு மண்ணு குடுக்குறதோட ஒப்பிட்டிருக்கீங்க. வையை ஆத்துக்கரை நெல்வயல்ல இந்த ரெண்டும் ஓரளவு பக்கத்துல இருக்கும், நம்ம பக்கம் அந்த இடைவெளிதான் கதையே.

மண்ணைத் தோண்டிப் பாருங்க. முதல் நாளும் எட்டாம் நாளும் 15 செ.மீ. இடைவெளில மண்ணெடுத்து, எடை போட்டு, 105 டிகிரில காய வச்சு திரும்ப எடை. வர்ற சதவீதத்தை மண்ணோட அடர்த்தியால பெருக்க மறக்காதீங்க.

மிளகாத்தோட்டம்:
அண்ணே ரொம்ப நன்றி, 0.1 விசயம் தெரியாமயே ஒரு மாசம் ஓட்டிருக்கேன். மண்ணு ஏற்கனவே எடுத்து வச்சிருந்தேன், 30 செ.மீ. வரைக்கும். ஈரம் எடைக்கணக்குல 16 சதவீதத்துல இருந்து 12.5க்கு வந்திருக்கு. அடர்த்தி 1.4, அப்ப 3.5 × 1.4 = 4.9 சதவீதம், 300 மில்லிமீட்டர் ஆழத்துக்கு 14.7 மில்லிமீட்டர். நாளைக்கு 1.8. சாட்டிலைட் 2.3. கிட்ட வந்துருச்சே! அப்ப சாட்டிலைட் சரிதானே?

உப்புக்காத்து:
தம்பி, இங்கதான் நிதானமா இருக்கணும், ஏன்னா நம்பர் ஒத்துப் போறதும் சில நேரம் ஏமாத்தும். நான் தேவிபட்டினம் பக்கம் ரெண்டு வருசம் இந்த வேலைல இருந்தவ, அதனால சொல்றேன்.

அந்தப் பிக்சல் 500 மீட்டர்னு பேரு, உண்மைல 463 மீட்டர், பரப்புன்னு பாத்தா 53 ஏக்கர். உங்க மாமா நிலம் ஒன்றரை. மிச்சத்துல என்ன இருக்கு? நம்ம ஊரைப் பத்தி தெரியாதா, காட்டுக்கருவை, பனை, ஒரு ஊருணி, தரிசு. மிளகா காஞ்சு நிக்கிற மாசத்துலயும் கருவை பச்சையாத்தான் நிக்கும், வேர் எவ்வளவோ ஆழம் போயிருக்கும், அது குடிக்கிற தண்ணி நீங்க தோண்டின 30 செ.மீ.க்குள்ள வரவே வராது. அதனால 2.3ல பாதி கருவையோடதா இருக்கலாம், உங்க மிளகா 1.8ஐ வச்சு அதை சரின்னும் சொல்ல முடியாது தப்புன்னும் சொல்ல முடியாது.

இன்னொண்ணு, கடற்கரைக்காரங்க எல்லாரும் யோசிக்க வேண்டியது. மோடிஸ் ஈடி கணக்கு தரை எவ்வளவு சூடா இருக்குன்னு பாக்குறதே இல்ல. இலை எவ்வளவு பச்சைன்னு படத்துல இருந்து எடுத்துக்குது, மண்ணு ஈரத்தை காத்துல இருக்கிற ஈரப்பதத்தை வச்சு ஊகிக்குது. காத்து வறண்டா மண்ணும் வறண்டிருக்கும்கிற எண்ணம். உள்நாட்டுல அது ஒரு அளவுக்கு ஒத்து வரும். ஆனா இங்க காத்து ஈரம் எங்க இருந்து வருது? கடல்ல இருந்து. மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும், காத்து பிசுபிசுன்னு இருக்கும், கணக்கு மண்ணு ஈரமா இருக்குன்னு நினைச்சுக்கும். அதுபோக அந்த வானிலைத் தகவல் கட்டம் ஒண்ணொண்ணும் பல பத்து கிலோமீட்டர் அகலம், திருப்புல்லாணிக்கு வர்ற கட்டத்துல பாதி கடலா இருந்தாலும் ஆச்சரியமில்ல.

அதனால தரை வெப்பத்தை வச்சு போடுற கணக்கையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. செபால், எஸ்செபாப் மாதிரி. லேண்ட்சாட் 8, 9ன்னு ரெண்டு சாட்டிலைட், ரெண்டும் சேந்தா 8 நாளைக்கு ஒரு படம், வெப்பப் படம் 100 மீட்டர், அதாவது ரெண்டரை ஏக்கர், உங்க நிலத்துக்கு அது எவ்வளவோ மேல்.

கச்சான்:
அக்கா சொன்னதுல ஒண்ணு சேத்துக்கிறேன். லேண்ட்சாட் நம்ம ஊரைத் தாண்டுறது காலைல பத்து, பத்தரைக்கு. அந்த நேரத்து வெப்பத்தை வச்சு நாள் பூரா இதே விகிதம்தான்னு வச்சுக்கிறாங்க. மத்தியானம் கடல்காத்து ஏறினதும் எல்லாம் மாறிடுது. ஆடில கச்சான் காத்து அடிக்கும்போது இன்னும் மோசம், மேற்க இருந்து வர்ற காஞ்ச சூட்டுக்காத்து தானே வெப்பத்தைக் கொண்டு வந்து கொட்டும், பாய்ச்சின வயல்ல வெயில் குடுக்கிற சக்திக்கும் மேல ஆவியாகும், அதைக் கணக்கு பிடிக்காது. வெப்பப் படம்னா அதுவே உண்மைன்னு நினைச்சுக்காதீங்க.

இன்னொண்ணு, வித்தியாசத்தை சதவீதத்துல எழுதாம மில்லிமீட்டர்ல எழுதுங்க. சித்திரைல மொத்த ஈடியே 1 மில்லிமீட்டரா இருக்கும்போது அரை மில்லிமீட்டர் பிசகினா 50 சதவீதம் தப்புன்னு வரும், பாக்குறவங்க பயந்துருவாங்க. ஐப்பசி கார்த்திகைல ஈடி நல்லா இருக்கும், ஆனா மேகம் மூடிக்கும், படமே கிடைக்காது, அந்த இடைவெளியை நிரப்பித்தான் தர்றாங்க. எந்த நாள் நிஜமாப் பாத்தது, எந்த நாள் நிரப்பினதுன்னு படத்தோட கூடவே வர்ற தரக்குறியீட்டைப் பாத்துப் பிரிச்சுடுங்க.

மிளகாத்தோட்டம்:
அக்கா, அண்ணே, தலை சுத்துது ஆனா தெளிவாவும் இருக்கு. ஃப்ளக்ஸ் டவர், அதான் நிலத்துல இருந்து மேல போற ஆவியையும் வெப்பத்தையும் காத்துல அளக்குற கோபுரம், அது இருந்தா இந்தச் சிக்கல் எதுவும் இருக்காதுல்ல?

உப்புக்காத்து:
டவரும் சாமி இல்ல தம்பி. வர்ற சக்தியையும் போற சக்தியையும் கூட்டினா 10ல இருந்து 30 சதவீதம் வரை கணக்குல வராம நிக்கிறது எல்லா நாட்டுலயும் சாதாரணம். அது அளக்குறதும் காத்து எந்தப் பக்கம் இருந்து வருதோ அந்தப் பக்கத்து நிலத்தைத்தான், வாடைக்கு ஒரு நிலம், கச்சானுக்கு வேற நிலம். இல்லாததுக்கு ஏங்காதீங்க. பிக்சலை நாலாப் பிரிங்க: மிளகா, கருவை, பனந்தரிசு, உவர்த்தரை. நாலுலயும் மண்ணெடுங்க, மிளகால 60 செ.மீ., கருவைல எவ்வளவு முடியுமோ அவ்வளவு. பரப்புக்குத் தக்க எடை போட்டுச் சேத்து, அப்புறம் மோடிஸோட வைங்க. உவர்த்தரைல உப்பு எவ்வளவுன்னு காட்டுற மின்கடத்துதிறனும் பாத்துடுங்க, ஈரம் இருந்தும் உப்பு விடாம செடி இழுக்க முடியாது, அங்க மண்ணு ஈரத்தை மட்டும் வச்சுப் பேசினா தப்பாப் போகும்.

மிளகாத்தோட்டம்:
சரிக்கா. கருவைக்குள்ள தரை கல்லு மாதிரி இருக்கு, கையால சுத்துற துளைப்பான் 40க்கு மேல இறங்க மாட்டேங்குது, என்ன பண்றது?

கண்மாய்க்கரை:
கிணறு தோண்டுறவங்க கடப்பாரை வச்சு ஒரு பக்கமா குழி போடச் சொல்லுங்க, குழிச் சுவர்ல இருந்து பக்கவாட்டுல மண்ணெடுங்க, எடுத்த உடனே டப்பாவை மூடிடுங்க. அடுத்த தடவைக்கு பழைய குழில எடுக்காதீங்க, காஞ்சிருக்கும், ரெண்டு மீட்டர் தள்ளிப் புதுசாப் போடுங்க. முள்ளு பாத்து.